பன்னிரண்டாவது கேட்டுக்கு ஒரு வெள்ளைத் துணி

மெரிண்டா ஓடை,
மார்ச் 28.

இமோஜென் அவர்களுக்கு,

நோலீன் எழுதுகிறேன், கெல்வின் ஹாட்லியின் மனைவி. 'அன்புள்ள' என்று தொடங்கினால் பாசாங்கு என்று நினைப்பீர்கள். அதனால் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். கடிதத்தைப் படித்து முடித்த பிறகு மனம் வந்தால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். நகரத்தில் உங்கள் தங்கை வீட்டில் நலமாக இருக்கிறீர்கள் என்று தபால்காரி சொன்னாள். இங்கே எங்களுக்கும் குறையில்லை. கெல்வினின் வலது கை இப்போது மடங்குகிறது. இடது கையில் இரண்டு விரல்கள் மட்டும் இன்னும் முரண்டு பிடிக்கின்றன.

அந்தக் கை எப்படி வெந்தது என்பது உங்களுக்குத் தெரியாது. ஊருக்கும் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நான் எழுதுவது கெல்வினுக்குத் தெரியாது. தெரிந்தால் பேனாவைப் பிடுங்குவார், பிடுங்குகிற அளவுக்கு விரல்கள் வந்துவிட்டன.

தீ வந்த அன்று யாரோ உங்கள் கேட் சங்கிலியை வெட்டி, கதவை உதைத்து உடைத்து, காட்டில் மரத்துக்கு மரம் மிதக்கிற கிளைடர் பிராணிகளை எண்ணி எழுதிய ஒன்பது வருஷத்து நோட்டுகளை எடுத்துப் போனதாகப் போலீசில் எழுதிக் கொடுத்தீர்கள். நியாயம்தான். உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் இன்னும் காரமாக எழுதியிருப்பேன். ஊர் முழுக்க டிரெண்டைத்தான் சந்தேகப்பட்டது. கெல்வினோடு மரம் வெட்டுகிறவன், போன செப்டம்பரில் உங்கள் கேட் முன்னால் ஒரு வண்டி மரத்தூளைக் கொட்டிவிட்டுப் போனவன். போலீஸ் அவனைக் கூப்பிட்டு விசாரித்த மறுநாளே கெல்வின் கைக்கட்டோடு போய் நின்றார். "ஒடச்சது நான்தான். அவன விட்டுருங்க" என்றாராம். ஏன் உடைத்தாய் என்று கேட்டதற்கு, "அது எனக்கும் அந்தக் கதவுக்கும் உள்ள விஷயம்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். சரியான கல்லுளிமங்கன். ஏப்ரல் பதினான்காம் தேதி வழக்கு. குற்றம் என்று தீர்ப்பானால், தீயணைப்புப் படையில் சம்பளம் வாங்காமல் முப்பத்தொரு வருஷம் நின்றவரின் பெயரை அடித்துவிடுவார்கள். அந்தப் படையை எடுத்துவிட்டால் அந்த மனுஷனிடம் மிச்சம் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. மரம் வெட்டுகிற வேலையும் இப்போது இல்லை.

இனி என் பங்குக்கு வருகிறேன்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு நவம்பரிலும், கோடை தொடங்குமுன், மேட்டுச் சாலையில் இருக்கிற பன்னிரண்டு வீடுகளுக்கும் படை ஒரு வெள்ளைத் துணி கொடுக்கும். தீ நெருங்கி வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்கள் அதைக் கேட்டில் கட்டிவிட்டுப் போக வேண்டும். துணி இருந்தால் உள்ளே ஆள் இல்லை என்று படை வண்டி தாண்டிப் போய்விடும். துணி இல்லாவிட்டால் உள்ளே போய்ப் பார்த்தே ஆக வேண்டும். துணிகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது பதினாறு வருஷமாக என் வேலை.

போன நவம்பரில் பதினொரு வீடுகளுக்குத்தான் கொடுத்தேன். உங்கள் கேட் முன்னால் வண்டியை நிறுத்தக்கூட இல்லை. நீங்கள் ஓடைக்கு மேலே உள்ள காட்டில் கிளைடர் இருக்கிறதென்று நீதிமன்றத்தில் சொன்னீர்கள், ஆகஸ்டில் வெட்டு நின்றது. கெல்வினின் இயந்திரம் தார்ப்பாய்க்கு அடியில் போனது. தன் ஆட்கள் நாலு பேரை வீட்டுக்கு அனுப்பும்போது அவர் ஒவ்வொருவர் தோளையும் தட்டிக் கொடுத்ததை நான் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தேன். பகலெல்லாம் மரப்பொந்தில் தூங்கி, தோலை விரித்து மரத்துக்கு மரம் மிதக்கிற ஒரு பிராணிக்காக ஒரு ஊரே படுக்க வேண்டுமா என்று வயிறு எரிந்தது. நகரத்துக்காரிக்கு எங்கள் துணி எதற்கு என்று நினைத்தேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு, வேறென்ன சொல்ல.

ஜனவரியில் அந்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு உங்கள் பச்சைக் கார் கீழே போனதைப் படைக் கொட்டகை வாசலிலிருந்து பார்த்தேன். எச்சரிக்கை வந்த அரை மணிக்குள் கிளம்பிவிட்டீர்கள். அதுதான் புத்திசாலித்தனம். போனால் போகட்டும் என்று நான் வயர்லெஸ் முன்னால் போய் உட்கார்ந்தேன். மற்ற எல்லோரும் ஊர் மண்டபத்தில் தஞ்சம் புகுந்திருந்தார்கள். கொட்டகையில் நான் மட்டும்தான்.

கெல்வின் விடிந்ததிலிருந்து புல்டோசரில் இருந்தார். ஊர் மர மில்லுக்கு மேற்கே மூன்று கிலோமீட்டருக்கு மரத்தைச் சாய்த்து, மண்ணை வழித்து, தீ தாண்டாமல் இருக்கத் தீக்கோடு போட்டார். காற்று மூன்றரைக்கு மேல் தென்மேற்கே திரும்பும் என்று காலையிலேயே சொல்லியிருந்தார்கள். திரும்பிவிட்டால் தீயின் விலாப்பக்கம் முழுக்கத் தலையாகி ஊரைப் பார்த்து ஓடிவரும். அந்தக் கோடு இல்லையென்றால் இன்று பள்ளிக்கூடமும் இல்லை, நானும் இல்லை. காட்டை அழிக்கிறவர்கள் என்று எங்களைப் பற்றிப் பேப்பரில் எழுதுகிறவர்கள் அதையும் ஒருமுறை எழுதலாம். நீங்கள் எழுதியதைச் சொல்லவில்லை.

கோடு முடிந்ததும் படை வண்டியை எடுத்துக்கொண்டு மேட்டுச் சாலைக்குப் போனார். மூன்று மணி பத்து நிமிஷத்துக்கு வயர்லெஸ்ஸில் அவர் குரல் விட்டு விட்டு வந்தது. "மேட்டுச் சாலை பூரா பாத்துட்டேன் நோலீன். பதினோரு கேட்ல துணி இருக்கு. பன்னெண்டுல இல்ல. அந்தப் பொம்பள உள்ளதான் இருக்கா போல. போய்க் கூட்டிட்டு வரேன்."

பொத்தான் என் விரலுக்குக் கீழேதான் இருந்தது. 'அவள் போய்விட்டாள், நான் பார்த்தேன், துணி நான்தான் கொடுக்கவில்லை' என்று சொல்ல வேண்டும். இவ்வளவுதான். கடைசிப் பாதியைச் சொல்ல நா எழவில்லை. பத்து விநாடி இருக்குமா? அதற்குள் அவர் வண்டியை விட்டு இறங்கிவிட்டார். பிறகு நான் எத்தனை தரம் கூப்பிட்டும் பதில் இல்லை. வயர்லெஸ் பதிவேட்டில் மூன்று பத்து என்று எழுதிவிட்டு, எதிரே எதுவும் எழுதாமல் விட்டேன்.

அவர் சங்கிலியை வெட்டினார். பூட்டியிருக்கிறதே, கிளம்பியிருப்பாள் என்று திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. "மரத்தூளு கொட்டுனதுக்கப்புறம் அவ உள்ள இருந்துகிட்டே கேட்டப் பூட்டிக்குவா, எனக்குத் தெரியும்" என்று பிறகு சொன்னார். உங்கள் பெயரைக் கூப்பிட்டுக் கதவைத் தட்டி, பதில் வராததால் உதைத்தார். கட்டிலுக்கு அடியில், குளியல் தொட்டியில், அலமாரிக்குள் எல்லாம் தேடினார். ஆள் இல்லை என்று தெரிந்து வெளியே வந்தபோது காற்று திரும்பிவிட்டது. பாதைக்கு இரண்டு பக்கமும் தீ. மறுபடியும் உங்கள் வீட்டுக்குள்ளேயே போய்விட்டார்.

அன்று அவர் உயிரைக் காப்பாற்றியது நீங்கள்தான், இமோஜென். கூரை ஓரத்து மழைநீர் ஓடையில் ஒரு சருகு கிடையாது, குளியல் தொட்டி நிறையத் தண்ணீர், கதவுக்குப் பின்னால் கம்பளிப் போர்வை, துடைப்பமும் வாளியும் மூலைக்கு மூலை. "முப்பது வருஷமா ஊர்க்காரங்களுக்குக் கத்திக் கத்திச் சொல்றேன், ஒருத்தனும் கேக்கல. அவ ஒத்தையா இருந்துகிட்டு அத்தனையும் செஞ்சு வெச்சிருக்கா" என்று ஆஸ்பத்திரியில் நர்ஸிடம், யார் வீடு என்று சொல்லாமல், ஒரு மணி நேரம் பேசினார். ஈரக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, உள்ளே விழுந்த பொறிகளை உங்கள் துடைப்பத்தாலேயே அடித்து அணைத்தாராம். உங்கள் வீடு நிற்கிறதே, அது தானாக நிற்கவில்லை.

ஒரே ஒரு குறை சொன்னார். வாசலில் தென்னைநார் மிதியடியை விட்டுப் போயிருந்தீர்கள். பொறி விழுந்து அது பற்றி, கதவுக்கு ஏறப் பார்த்தது. கையுறை வண்டியில். வெறுங்கையால் அதை இழுத்து எறிந்தார். கை வெந்தது அப்படித்தான். ஊருக்கு, புல்டோசர் புகைக்குழாயில் பட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். இனிமேல் கிளம்பும்போது மிதியடியை உள்ளே எடுத்துப் போட்டுவிடுங்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு தரம் கேட்டார். "பன்னெண்டாம் கேட்டுக்குத் துணி குடுத்தியா நோலீன்?" நான் அவர் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். பிறகு, "சரி, டீ கிடைக்குமா பாரு" என்றார். அதற்கப்புறம் அந்தப் பேச்சே இல்லை. அவர் ஏன் வாய் திறக்கவில்லை என்று இப்போது உங்களுக்குப் புரியும். கதவை உடைத்த காரணத்தைச் சொன்னால், துணி ஏன் இல்லை என்று அடுத்த கேள்வி வரும். ஒரு வீட்டுக்குத் துணி கொடுக்காதவள் இந்த ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. என் தலைக்காக அவர் தன் பெயரைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

முப்பத்து மூன்று வருஷம் கூட வாழ்ந்திருக்கிறேன். குறட்டை விடுவார், பிறந்த நாளை மறப்பார், பூட்ஸோடு சமையலறைக்குள் வருவார். இப்படிப்பட்ட ஒருவரோடுதான் வாழ்ந்தேன் என்று எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

உங்கள் மேல் அவருக்குக் கோபம் இருந்ததேயில்லை. நீதிமன்றத்திலிருந்து வந்த அன்று நான் உங்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். "சும்மா இரு. மூணு எடத்துல கிளைடர் ஒண்ணுகூட இல்லன்னு அவளே எந்திரிச்சுச் சொன்னா. யாரும் கேக்கல, அவளாச் சொன்னா. பொய் சொல்றவ அப்படிச் சொல்ல மாட்டா" என்றார். அந்த மூன்று இடத்திலாவது எங்களுக்கு மறுபடி வெட்ட வழி வைத்தது உங்கள் வாய்தான் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நோட்டுகள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. போன ஞாயிறு வானம் இருட்டியதும், "மழ வந்தா அந்தப் பெட்டி நனைஞ்சுருமே" என்று தனக்குள் முனகினார். பிடித்துக்கொண்டேன். வீடு போனாலும் அது போகக்கூடாது என்று, தீ வீட்டை எட்டுமுன் தகரப் பெட்டியோடு உங்கள் உருளைக்கிழங்குப் பாத்தியில் புதைத்திருக்கிறார். மறுநாள் நானே போய்த் தோண்டி எடுத்தேன். ஒரு தாள் கூட நனையவில்லை. அடுத்தவர் நோட்டைப் படிப்பது தப்புதான், படித்தேன். நாலு வருஷத்துக்கு முந்திய ஒரு பக்கத்தில், 'பொந்து உள்ள இரண்டு கிழ மரங்களை இயந்திரக்காரர் யாரோ சுற்றி வளைத்துப் போய், வெட்டாமல் விட்டிருக்கிறார். யாரென்று தெரிந்தால் நன்றி சொல்ல வேண்டும்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இயந்திரத்தில் இருந்தவர் யாரென்று எனக்குத் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை படைக் கூட்டம். பதிவேட்டில் விட்ட அந்த வரியை எழுதிவிட்டேன். கூட்டத்தில் எழுந்து வாசிக்கப் போகிறேன். பதினான்காம் தேதி நீதிமன்றத்துக்கும் அதை எடுத்துக்கொண்டு வருவேன். ஊர் என்னை என்ன செய்யுமோ செய்யட்டும். புகாரைத் திரும்ப வாங்குங்கள் என்று கேட்க எனக்கு முகமில்லை, ஆனாலும் கேட்கிறேன். வீட்டை விற்கப் போட்டிருப்பதாகவும் கேள்விப்பட்டேன். காட்டை வெட்டலாமா கூடாதா என்று நீங்களும் நாங்களும் இன்னும் பத்து வருஷம் சண்டை போடலாம். அதற்காவது நீங்கள் இங்கே இருக்க வேண்டும். அவர் கை முழுக்க ஆறியதும் கதவைச் சரிசெய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். உங்களிடம் இல்லை, அந்தக் கதவிடம்.

இந்த உறையில் ஒரு வெள்ளைத் துணி இருக்கிறது. நவம்பரில் வந்திருக்க வேண்டியது. துவைத்து, மடித்து, ஓரத்தில் பன்னிரண்டு என்று நூலால் தைத்திருக்கிறேன். திரும்பி வாருங்கள், வந்து பத்திரமாக இருங்கள். எந்தக் கோடையிலும் இதைக் கேட்டில் கட்டாமல் மட்டும் கிளம்பிவிடாதீர்கள். கட்டாவிட்டால் அந்த மனுஷன் மறுபடியும் உள்ளே வந்து உங்களைத் தேடுவார்.

மன்னிப்பை எதிர்பார்த்து,
நோலீன்