படிவத்தில் அப்பா என்று எழுதியது

அன்புள்ள மாறனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம். அப்பாவும் சுகமாக இருக்கிறார், அதை இந்தத் தடவை அழுத்தி எழுத வேண்டியிருக்கிறது. அயர்லாந்துக் குளிரில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, தலையை ஈரத்தோடு விடாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். போனிலேயே பேசிவிடலாம்தான். ஆனால் நான் ஆரம்பித்தால் நீ சரிம்மா சரிம்மா என்று முடித்துவிடுவாய், நானும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்டு வைத்துவிடுவேன். பெரியம்மா கையெழுத்துப் போட்ட கடிதத்தை உன் ஆபீசுக்காகத் தபாலில் அனுப்ப வேண்டும், அதே உறையில் இதையும் வைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை உன் வாய்ஸ் மெசேஜ் வந்தபோது நான் வேங்கிக்கால் இ-சேவை சென்டரில் ஒருவருக்கு வாரிசுச் சான்றிதழ் விண்ணப்பம் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். மேனேஜரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன், வேலை போகவில்லை என்று நீ சொன்னதை மூன்று தடவை காதில் வைத்துக் கேட்டேன். எதிரில் இருந்தவர், எம்மா அழுவுறியா, இன்னிக்கு சர்ட்டிபிகேட் கெடைக்காதா என்று பயந்துபோய்க் கேட்டார். கிடைக்கும்ங்க, இது வேற விஷயம் என்று சொல்லிவிட்டு அவருடைய பெயரை இரண்டு தடவை தப்பாக அடித்தேன்.

அந்தப் படிவத்தில் அப்பா என்று எழுதச் சொன்னது நான். உன் மேனேஜரிடம் நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று தெரிகிறது, ஆனால் எனக்கு அது தெரியும். பெரியப்பா கீழ்பென்னாத்தூரில் நெஞ்சுவலியில் இறந்துபோய், அவரை ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டு உன் வருகைக்காக நாங்கள் உட்கார்ந்திருந்த அன்று நீ போன் பண்ணினாய். தாய் தகப்பன் இறந்தால் பத்து நாள் லீவு, அங்கிள் என்றால் ஒரு நாள்தான், என்ன போடட்டும் என்று கேட்டாய். நான் யோசிக்கவே இல்லை. அப்பான்னே போட்டுடு, அவரும் அப்பாதானே என்றேன். தனக்குக் கொள்ளி வைப்பது மாறன்தான் என்று அவர் எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், பிள்ளையில்லாத மனிதர். ஒரு நாள் லீவில் நீ எப்படி வந்து, கருமாதி முடித்துப் போவாய். அங்கிள் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் கோபம்கூட வந்தது. இங்கே ஆட்டோக்காரரும் அங்கிள், பக்கத்துப் போர்ஷன்காரரும் அங்கிள், உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவரும் அங்கிளா என்று.

இதில் வெட்கப்பட வேண்டியவள் நான்தான், ஏனென்றால் தினமும் நான் பார்க்கும் வேலையே இதுதான். அண்ணன் என்று சொன்னால் கூடப் பிறந்தவரா, பெரியப்பா பையனா என்று கேட்டுத்தான் பிரதர் என்றோ கசின் என்றோ அடிப்பேன். போன மாதம் ஒருவர், இன்னாம்மா போலீஸ் மாதிரி கேக்குற, அண்ணன்னா அண்ணன்தான், கசின்லாம் எங்க வூட்ல யாரும் கிடையாது என்று சண்டைக்கு வந்தார். அவரிடம் பொறுமையாக, பேப்பர் வேற, பாசம் வேறங்க என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னேன். என் வீட்டுக்கு வந்ததும் அது மறந்துபோயிற்று.

நீ திரும்பிப் போன பிறகு நடந்ததெல்லாம் நீ ஒவ்வொன்றாகச் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. மேசையில் பூங்கொத்து, எல்லோரும் கையெழுத்துப் போட்ட அனுதாப அட்டை, உன் மேனேஜர் தனியாக அழைத்து, அம்மா தனியாக எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்டது. அதைக் கேட்ட அன்று நான் குங்குமத்தை வழக்கத்தைவிடப் பெரிதாக வைத்துக்கொண்டேன், உன்னிடம் சொல்லவில்லை. அப்புறம் இறப்புச் சான்றிதழ் அனுப்பு என்று கேட்டார்கள். அதை வாங்கியதும் நான்தான். சக்கரவர்த்தி, மனைவி பெயர் கன்னியம்மாள் என்று தெளிவாக இருக்கிறது. உன் பாஸ்போர்ட்டில் உன் பெயருக்குப் பின்னால் பலராமன் என்று அப்பா பெயர் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் புரியும். வேலையில் சேர்ந்து ஏழு மாதம்தான், இன்னும் நிரந்தரம் ஆகவில்லை, பொய் சொன்னான் என்று வெளியே அனுப்பினால் விசாவும் போய்விடும் என்று நீ சொன்னதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சென்டரில் கூட வேலை பார்க்கும் சிவப்பிரியா, எதுக்குக்கா கவலைப்படுற, மாறன் அவருக்குத் தத்துப்பிள்ளைன்னு ஒரு உறுதிமொழி எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கிட்டா முடிஞ்சுது என்றாள். நான் டைப் அடிக்கவும் ஆரம்பித்துவிட்டேன். பாதி அடித்தபோது பக்கத்தில் கிடந்த தாளைப் பார்த்தேன். அன்று காலையில்தான் பட்டா மாற்றுவதற்குப் பெரியம்மாவின் வாரிசுச் சான்றிதழ் விண்ணப்பத்தை நானே நிரப்பியிருந்தேன், பிள்ளைகள் இல்லை என்று. ஒரே மேசையில் ஒரு தாளில் பிள்ளை இல்லை, இன்னொரு தாளில் பிள்ளை உண்டு. நாளைக்கு யாராவது இரண்டையும் எடுத்து நீட்டினால் அந்த மனுஷி நிலத்துக்காக ஆபீஸ் ஆபீஸாக நடக்க வேண்டியிருக்கும். உன்னைக் காப்பாற்ற அவரை மாட்டிவிட இருந்தேன். அழித்துவிட்டேன். நீயே உண்மையைச் சொல்லிவிடு என்று அன்றைக்கே உனக்குச் சொல்ல நினைத்தேன், பொய்யைச் சொல்லிக் கொடுத்த வாயால் அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை. மறுநாள் நீ நான் சொல்லாமலே சொல்லியிருந்தாய். அந்த நிம்மதி எனக்கு வேலை போகாததைவிடப் பெரியது.

மேனேஜர், இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நானே பார்த்து லீவு கொடுத்திருப்பேனே என்றாராமே. எனக்கு அதுதான் குத்தியது. உள்ளதைச் சொன்னால் அவர்களுக்குப் புரியாது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். ஒன்பது நாளை உன் வருஷ லீவில் கழித்துக்கொண்டதும், இனி இப்படிச் செய்யாதே என்று எழுதிக் கொடுத்ததும் நியாயம்தான், அதை மனதில் வைத்துக்கொண்டு குமையாதே. ரமணாசிரமம் பக்கம் அப்பா வேலை பார்க்கும் கெஸ்ட் ஹவுஸில் ஒரு டென்மார்க் பெண் வயதானவர் ஒருவரோடு தங்கியிருக்கிறாள். இவர் என் ஸ்டெப் ஃபாதர் என்று எல்லோரிடமும் சாதாரணமாகச் சொல்கிறாள், சொல்லிக்கொண்டே அவருக்குத் தோசையைப் பிய்த்து வைக்கிறாள். அதைப் பார்த்தபோது, நாம்தான் சொல் குறைந்தால் பாசமும் குறைந்துவிடும் என்று பயப்படுகிறோமோ என்று தோன்றியது.

உறவை விளக்கி உன் ஆபீஸ் கேட்ட கடிதத்தை ஆங்கிலத்தில் அடித்து எடுத்துக்கொண்டு, பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் பஸ் கிடைக்காமல் ஷேர் ஆட்டோ பிடித்துக் கீழ்பென்னாத்தூர் போனேன். அதில் நாலே வரிதான். இறந்தவர் மாறனுடைய தகப்பனாரின் அண்ணன், அவருக்குப் பிள்ளைகள் இல்லை, மகன் செய்ய வேண்டிய காரியங்களை எல்லாம் மாறன்தான் செய்தான், நான் அவருடைய மனைவி. தமிழில் படித்துக் காட்டினேன். பெரியம்மா இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். இதுல பொய் எதுவும் இல்லியே என்று கேட்டார். இல்லக்கா என்றேன். அப்போ மொதல்லயே இத எழுதறதுக்கு இன்னாடி கேடு உனக்கு என்று திட்டிவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டார். திரும்பும்போது உனக்கென்று வறுத்த வேர்க்கடலை கட்டிக் கொடுத்தார், தபாலில் போகாது என்று சொன்னால் கேட்கவில்லை. நாங்களே சாப்பிடுகிறோம்.

அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் பல நாள் தயங்கினேன், உயிரோடு இருக்கிற மனிதரைச் செத்ததாக எழுதச் சொன்னேனே. சொன்னபோது காபி டம்ளரைக் கழுவி வைத்தார். அப்புறம், எனக்குப் பூவெல்லாம் வந்துச்சாமே, இன்னா பூ என்று கேட்டார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை உன் மெசேஜைக் கேட்டுவிட்டு, அப்பாடா பொழச்சிக்கினேன்னு சொல்லு அவன்கிட்ட என்றார். அன்று ராத்திரி தோசை இரண்டு ஜாஸ்தியாகவே சாப்பிட்டார்.

உனக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பூ கொடுத்தவர்களிடமும் அட்டையில் கையெழுத்துப் போட்டவர்களிடமும் நீயே போய், என் அப்பாவின் அண்ணன், என்னை வளர்த்தவர் என்று சொல்லிவிடு. ஒரு சொல்லுக்குப் பதில் நாலு சொல் ஆகும், ஆகட்டும். இன்ஷூரன்ஸ், அவசரத் தொடர்பு, வேறு எந்தப் படிவமாக இருந்தாலும் அப்பா என்ற இடத்தைத் திறந்து பார்த்து, இருக்கிறார் என்று மாற்று. மறந்துவிடாதே.

அண்ணாமலையார் உன்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகட்டும், வேலை நிரந்தரமாகி நீ நிம்மதியாகத் தூங்க வேண்டும். கடிதம் எழுதிப் பழக்கமில்லாத அப்பா, இதன் அடியில் நானும் கையெழுத்துப் போடுவேன் என்று பேனாவை வாங்கிக்கொண்டு நிற்கிறார். பெயர் மட்டும் போட்டால் போதாதாம், உறவையும் எழுதணுமாம்.

என்றும் உன் நலம் நாடும்
அம்மா ரேணுகாம்பாள்

பலராமன்
மாறனின் அப்பா