செல்ஃப் எடுக்காத கார்

27.11.94, ஞாயிறு. கிணத்துக்கடவு

இன்றும் தள்ளினேன். கல்யாணத்துக்குக் கிளம்பிய சொந்தபந்தம் மொத்தமும் வாசலில். மாமனார் பாலுசாமி தன் பழைய சீமைக் காரிலிருந்து தலையை நீட்டினார். "ஏனுங்க மாப்ளே, கொஞ்சம் தள்ளி உடுங்க."

அந்த 'ங்க'வைக் கேட்டாலே உடம்பு எரிகிறது. தோப்பில் அத்தனை ஆள் இருந்தும் வீட்டோடு மாப்பிள்ளையைத்தான் தள்ளச் சொல்வார்.

போத்தனூரில் வீடு பிடித்தாயிற்று, மார்கழி பிறந்தால் குடி போக முடியாது, கோமளாவை எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்டேன். "செல்ஃப் எடுக்கட்டுங்க. இந்தக் கார்லயே கூட்டிட்டுப் போயிருங்க." எல்லோரும் சிரித்தார்கள். என் பெண்டாட்டியும்.

4.12.94

சாவி சுவிட்சைக் கழற்றிப் பார்த்தேன், பழுதில்லை. பாட்டரியும் சரி. செல்ஃப் மோட்டாருக்கு நேராகக் கரண்ட் கொடுத்தால் சுற்றுகிறது. அப்புறம் என்ன? சுவிட்சிலிருந்து போகும் மெல்லிய ஒயர் கழன்று கிடந்தது! திருகி முடுக்கினேன். ஒரே திருப்பில் கிளம்பியது.

"நாளைக்கே வாரேனுங்க," என்றாள் கோமளா.

5.12.94

செத்துக் கிடக்கிறது. அதே ஒயர். முடுக்கினது நானு, தானா எப்படிக் கழலும்? கெழவன் வேலை.

10.12.94

மறுபடி மாட்டினேன். ஒயர் முனையில் கருப்பு கிரீஸ் தடவியிருக்கிறேன். கழற்றட்டும். நாலு பேர் முன்னால் அந்தக் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டுகிறேன்.

11.12.94

ஒயர் கழன்றிருக்கிறது. மாமாவின் கை சுத்தம்.

கோமளா காபி கொண்டுவந்தாள். எவ்வளவு தேய்த்துக் கழுவினாளோ, நகக்கண்ணில் கருப்பு போகவில்லை.

நீயாடி?

கேட்கவில்லை. காபியைக் குடித்தேன்.

14.12.94

ஒயரை மாட்டிய கையோடு எல்லோரையும் வாசலுக்குக் கூப்பிட்டுச் சாவியைத் திருப்பினேன். "செல்ஃப் எடுத்துருச்சுங்க மாமா." அவர் முகத்தில் ஈயாடவில்லை. "ஏறுங்க அம்மணி," என்றேன் அவளிடம். 'ங்க'வை அழுத்தியே சொன்னேன்.

"அந்த ஒத்த ரூம் ஊட்டுல எப்படிங்க இருக்கறது?" பெட்டிகூடக் கட்டியிருக்கவில்லை. அழுதுகொண்டே ஏறினாள். எனக்கு இனித்தது.

25.12.94. போத்தனூர்

சமைக்கிறாள். பேசுவதில்லை.

13.1.95

பொங்கலுக்கு மகளை அழைத்துப்போக மாமா, நான் அப்போதே திருப்பிக் கொண்டுபோய் விட்ட அந்தக் காரில் வந்தார். கோமளா நேற்றே பெட்டி கட்டிவிட்டாள். அவர் காபி குடிக்கும்போது நான் வெளியே போய் வந்தேன்.

கார் கிளம்பவில்லை. தள்ளும்போது கிளட்ச்சை விட்டால்தான் எஞ்சின் பிடிக்கும், அந்தப் பக்குவம் எனக்குத்தான் தெரியும் என்று சொல்லி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன். "ஏனுங்க மாமா, கொஞ்சம் தள்ளி உடுங்க."

தெருவே பார்க்க, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூச்சிரைக்கத் தள்ளினார். முக்குத் திரும்பும்வரை நான் கிளட்ச்சை விடவேயில்லை.

பின் சீட்டில் கோமளா. அப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கில் இருந்த என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கை கழுவியிருக்கவில்லை.