கணக்குக் குறைந்த புத்தகம்

கொழும்பில் படிக்கும் என் பேரனுக்கு, பதுளையிலிருந்து வாப்பும்மாவின் சலாம்.

வெளிச்சம் அரிசியைப் போல மணி மணியாக வருகிறது என்று உன் பௌதிகப் பாடத்தைப் பற்றி நீ எழுதியதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். என் மகன், உன் வாப்பாதான், "கணக்கில தவறினவன் இதை எப்படிப் படிப்பான்? நம்ம அரிசிக் கடைக்கே வரட்டும்" என்றார்.

அந்தப் பாடத்துக்குக் கணக்குக் குறைந்த புத்தகம் கேட்டாயே. புத்தகக் கடை ஸரூக் மூன்று இங்கிலீசுப் புத்தகங்களை வீட்டுக்கே கொண்டுவந்தார். "முதல் பக்கத்தைப் பாருங்க உம்மா, எல்லாம் படம்" என்றார்.

"மூட்டையை மேலால பார்த்தா அரிசி வாங்குறோம்?" என்று நடுவில் திறந்தேன். இரண்டில் எறும்பு மொய்த்தது போலக் கணக்கு. மூன்றாவதில் கடைசிவரை எழுத்தும் படமும்தான். அதையே அனுப்புகிறேன்.

பார்சலைச் சாக்கு ஊசியால் தைத்தது உன் வாப்பா. வழியில் பிரிந்துவிடக் கூடாதென்று இரட்டைத் தையல் போட்டார்.

உன்னால் தலை நிமிர்ந்திருக்கும்,
வாப்பும்மா