டின்னில் ஒட்டியிருந்த காகிதம்

1931 பிப்ரவரி 3

ஆம்பூர் ஸ்டேஷனிலிருந்து நான்கு டின் வந்தது. தோல் பதனிடும் சிவப்பு உப்பு. வழக்கம்போல வெந்நீர் ஊற்றி, மேலே ஒட்டியிருந்த இங்கிலீஷ் காகிதத்தை உரித்தேன். தோல் மண்டியில் கணக்கெழுதும் எனக்கு ஆறு மாதமாக இதுவும் ஒரு வேலை. எந்தச் சரக்கின் பெயரும் பக்கத்து மண்டிக்குத் தெரியக் கூடாதாம், முதலாளி அப்துல் கஃபார் சாயபு உத்தரவு. எப்போதும் கந்தலாகத்தான் வரும், படித்ததில்லை. இன்று ஒன்று முழுசாக வந்துவிட்டது.

விஷம். வெறுங்கையால் தொடாதே. காலி டின்னில் குடிநீர் வைக்காதே.

அடுப்பில் போடாமல் இந்த நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். ஏன் வைத்தேன்?

பிப்ரவரி 5

வேலு விரலைக் காட்டினான். உப்பைக் கரைப்பவன் அவன்தான். நகத்தடியில் ஆணி அடித்தது போல ஒரு துளை. "வலியே இல்லீங்க ஐயா" என்று சிரிக்கிறான்.

பிப்ரவரி 9

ஒரு டின் காலி. காலி டின் முறைவைத்து ஆட்களுக்குப் போகும். இந்த முறை வேலுவுக்கு. "தண்ணி புடிச்சு வைக்க ஆச்சு ஐயா. எம்பொண்டாட்டி எல்லம்மாவுக்கு நெறமாசம், கெணத்துக்கு நடக்க முடியல" என்றான். சொல்ல வாயெடுத்தேன். சாயபு வாசலில் நின்றிருந்தார். "நல்லா கழுவிட்டு வச்சுக்கோ" — என் வாயால் சொன்னேன். சீ! நானெல்லாம் ஒரு மனுஷனா?

பிப்ரவரி 10

நோட்டைத் திறந்து காகிதத்தை மறுபடி படித்தேன்.

பிப்ரவரி 11

சாயபுவிடம் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவே இல்லை, அதுதான் பயமாக இருக்கிறது. "எனக்கு இங்கிலீஷ் வராது. படிச்சவன் நீ. ஏதாச்சும் ஆச்சுன்னா, தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான். பேஜார் பண்ணாம வேலையப் பாரு அந்தோணி" என்றார்.

தெரிஞ்சவன் நான் ஒருத்தன். மாதாவே, போலீஸ் வந்தாலும் என்னைத்தானே கேட்பான்? அந்தப் பொண்ணு குடிச்சிருந்தா?

பிப்ரவரி 12

விடிந்ததும் வேலு வீட்டுக்கு ஓடினேன். எல்லம்மா டின்னிலிருந்து தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். "கொஞ்சம் மஞ்சளா இருக்குதுங்க, புது டின்னுல்ல" என்றாள். டின்னை எட்டி உதைத்தேன். தண்ணீர் வாசலெல்லாம் ஓடியது. பிறகு காகிதத்தை எடுத்துத் தமிழில் படித்துக் காட்டினேன். வேலு ஒன்றே ஒன்று கேட்டான். "இது உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும் ஐயா?"

காகிதத்தின் அடியில் அதைத் தமிழில் எழுதி அவன் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 15

வேலை போய்விட்டது. காகிதம் மண்டிக் கதவில் இருக்கிறது; அடியில் தமிழில் எழுதியது நான், ஒட்டியது வேலு. எல்லம்மாவுக்கு இன்னும் வலி எடுக்கவில்லை. வயிற்றில் குழந்தை அசைகிறது என்று சொல்லியனுப்பினாள்.

காலையிலிருந்து என் வீட்டு வாசலில் மண்டி ஆட்கள் டின்களோடு வந்து நிற்கிறார்கள். ஆறு மாதமாக வாங்கிப் போனவை. சிலதில் சிவப்பு உப்பு வந்தது, சிலதில் வெறும் சலவைச் சோடா. "இதுல இன்னா இருந்துச்சு ஐயா? புள்ளைங்க இதுலதான் குடிச்சுதுங்க" என்று கேட்கிறார்கள்.

எனக்குத் தெரியவில்லை. எல்லாக் காகிதத்தையும் உரித்தவன் நான்தான்.