பதினான்காம் மலை ராஜாளி

1957 ஜனவரி 28, திங்கள்

காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு எங்களைப் பதினான்காம் நம்பர் மலைக்குக் கொழுந்தெடுக்க அனுப்பினார்கள். மலை ஓரத்துத் தைல மரத்தில் ஒரு பெரிய கழுகு கூடு கட்டியிருக்கிறது. தலையில் குடுமி, மஞ்சள் கண். கீழே சிங்களக் கிராமத்து ஆட்கள் ராஜாளியா என்கிறார்கள். நாங்களும் ராஜாளி என்றே சொல்கிறோம்.

இன்று அது செல்லசாமிக் கங்காணியின் தொப்பியைத் தட்டிக்கொண்டு போனது. துரை மாதிரி தொப்பி போட்டுத் திரிகிற மனுசன், தலையைப் பொத்திக்கொண்டு தண்ணீர்க் கானுக்குள் குதித்தார். என் நாத்தனார் வேலாயி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கங்காணிக்கே ஒரு கங்காணி வந்திருச்சு அண்ணி!"

பெப்ரவரி 5

வேலாயியை அடித்துவிட்டது.

சத்தமே இல்லை. பக்கத்து நிரையில் நின்றவள் யாரோ பிடித்துத் தள்ளியதுபோல் செடிமேல் கவிழ்ந்தாள். தலையில் போட்டிருந்த கொங்காணித் துணி கிழிந்து தொங்கியது. உச்சியிலிருந்து காது வரை தோல் பிளந்து, உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. எலும்பு. ரத்தம் கூடைக்குள் கொழுந்து மேல் கொட்டியது.

கங்காணி ஓடி வந்து முதலில் கூடையைத்தான் பார்த்தார். "அந்தக் கொழுந்தக் கீழ கொட்டு. நிறுவைக்குக் கொண்டாராத."

தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா தையல் போட்டார். போட்டு முடிக்கும்வரை வேலாயி என் மணிக்கட்டை விடவில்லை. அவள் நகம் பதிந்த இடம் இன்னும் எரிகிறது.

பெப்ரவரி 7

தோட்டத்து வெள்ளைக்காரப் பெரிய துரை மலைக்கு வந்தார். எதிர் மரத்தில் பரண் கட்டி, படம் பிடிக்கிற பெட்டியோடு அந்தக் கூட்டைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர் அவர்தானாம். இவ்வளவு நாளும் எங்களுக்குத் தெரியாது.

"உள்ள குஞ்சி இருக்கு. அம்மாவுக்குக் கோவம். கொஞ்ச நாள் பொறுக்கணும். ஒருத்தரும் கல்லு எறியக் கூடாது" என்றார். தலையில் போட்டுக்கொள்ளச் சாக்குக் கொடுக்கச் சொன்னார்.

வேலாயி கட்டுப்போட்ட தலையோடு லயத்து வீட்டு வாசலில் கேட்டாள்: "நம்ம புள்ளைக்கு ஒண்ணுன்னா, நம்ம கோவத்தை இப்பிடி யாராச்சும் பொறுப்பாங்களா?"

பெப்ரவரி 11

இன்று இரண்டு பேருக்கு. முதுகில். சாக்கு ஒன்றுக்கும் ஆகவில்லை.

பெப்ரவரி 14

பூரணி. கண். எழுத வரவில்லை.

பெப்ரவரி 15

பூரணி லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பராவில், சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெண். இராமையா அண்ணனின் மூத்த மகள். வெடுக்கென்று பேசுவாள், வேகமாக எடுப்பாள்.

நேற்று யாரோ "வருது!" என்று கத்தியதும் நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான் அவள் செய்தது. ராஜாளியின் இரண்டு கால்களும் அவள் முகத்தில் இறங்கின. நான் இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியை அவிழ்த்து முகத்தோடு அழுத்திப் பிடித்தேன். படங்கு முழுக்கச் சூடு. தோட்டத்து லொறியில் நாவலப்பிட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இடது கண் போய்விட்டது.

வீட்டுக்காரர் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். "ஏறி அந்தச் சனியன வெட்டிப்போட்டுட்டு வர்றேன்."

"துரை பத்துச்சீட்டு குடுத்து வேலைய விட்டு நிறுத்திருவாரு. லயத்த விட்டு எறங்கணும். பிரஜாவுரிமையும் இல்லாம எங்கங்க போவோம்?"

கத்தியைச் சுவரில் எறிந்தார். அவர் போகக்கூடாது என்று கையைப் பிடித்தவள் நான்தான். போக வேண்டும் என்று மனசுக்குள் கத்தியதும் நான்தான். என்ன மனசு இது?

பெப்ரவரி 18

காலையில் பெரட்டுக் களத்தில் பெண்கள் எல்லாரும் உட்கார்ந்துவிட்டோம். பதினான்காம் மலைக்குப் போக மாட்டோம் என்றோம்.

"எந்திரிங்கடி!" என்று கத்திக்கொண்டு வந்தார் செல்லசாமி. முன்னால் இருந்த வேலாயியின் முடியைப் பிடித்துத் தூக்கினார். தையல் போட்ட தலை! அவள் அலறிய அலறல் — தையல் பிரிந்து ரத்தம் மூக்குவரை ஓடி வந்தது.

என் கையில் மட்டக்கம்பு இருந்தது. செடி மட்டம் பார்க்கிற கம்பு. அவர் முகத்தில் அடித்தேன். மூக்கு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. விழுந்த பிறகும் அடித்தேன். வீட்டுக்காரர் வந்து இழுக்காவிட்டால் இன்னும் அடித்திருப்பேன்.

நல்லாத்தான் இருந்துச்சு. அதையும் எழுதி வைக்கிறேன்.

பெப்ரவரி 19

பத்துச்சீட்டு வந்துவிட்டது. எனக்கும் வீட்டுக்காரருக்கும். தோட்டத்தில் ஒருத்தரும் வேலைக்கு இறங்கவில்லை. சங்கத் தலைவர் அழகுமுத்து அட்டன் சங்க ஆபீசில் பேசப் போயிருக்கிறார்.

பெப்ரவரி 21

துரை எங்களையெல்லாம் பதினான்காம் மலை அடிக்கு வரச் சொன்னார். "ஓடினா அடிக்கும். கத்தினா அடிக்கும். நான் நடக்கிறேன், பாருங்க" என்று தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுத் தனியாக ஏறினார்.

ஓடவில்லை, கத்தவில்லை. மரத்தடிக்குப் போகும் முன்பே அடித்தது. காது கிழிந்து தொங்கியது. அப்போதும் நிமிர்ந்தே நின்றார். ராஜாளி திரும்பி வந்து பிடரியில் இறங்கியது. முகம் குப்புற விழுந்தார். நகம் உள்ளே மாட்டிக்கொண்டதோ என்னவோ, அது எழும்பவில்லை. முதுகில் நின்று கொத்தியது. வெள்ளைச் சட்டை வெள்ளையாக இல்லை.

ஒருவரும் அசையவில்லை. நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். 'நல்லா வேணும்' என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். துரை "அம்மா" என்றார். இங்கிலீசில் இல்லை, தமிழில்.

எப்படி ஏறினேன் என்று தெரியாது. மட்டக்கம்பால் முதல் அடியில் அதன் இறக்கை ஒடிந்தது. என் முழங்கையைக் கிழித்தது. கழுத்தைக் காலால் மிதித்து, தலை நசுங்கும்வரை அடித்தேன்.

இறங்கி வரும்போது வேலாயி என் காலடியில் துப்பினாள். "அவன் என்ன உனக்கு மாமனா, மச்சானா?"

பெப்ரவரி 22

வீட்டுக்காரர் மரமேறிக் கூட்டைத் தள்ளிவிட்டார். உள்ளே ஒரே குஞ்சு. கீழே நாய்கள் நின்றன. மற்றதை எழுத மாட்டேன்.

பெப்ரவரி 27

அழகுமுத்து வந்தார். "சீட்டு ரத்து. ரெண்டு பேருக்கும். துரையே ஆஸ்பத்திரியிலருந்து சொல்லி அனுப்பிட்டாரு." செல்லசாமியை வேறு டிவிசனுக்கு மாற்றிவிட்டார்கள். துரையிடமிருந்து எனக்கு ஒரு வார்த்தையும் இல்லை. செத்த பறவையைத் துணியில் சுற்றி பங்களாத் தோட்டத்தில் புதைக்கச் சொன்னாராம்.

வேலாயி இன்னும் என்னோடு பேசவில்லை.

மார்ச் 10

பூரணி ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாள். பார்க்கப் போனேன். அழவில்லை. பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"சாகறப்ப அது கத்துச்சாக்கா?"

"கத்துச்சு."

"நெறய நேரமா?"

"ஆமா புள்ள."

மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். சொன்னேன். இறக்கை ஒடிந்த இடத்தில் நிறுத்தி, இன்னொரு தடவை கேட்டாள்.

ஏப்ரல் 22

இரண்டு மாதத்துக்குப் பிறகு இன்றுதான் பதினான்காம் மலைக்கு அனுப்பினார்கள். கொழுந்து முற்றிக் கிடந்தது. பூரணிக்குக் கண் போன பிறகு இன்றுதான் முதல் நாள் வேலை. இடது பக்கம் தெரியாததால், அந்தப் பக்கத்து நிரையில் நான் நின்றேன். எனக்கு அடுத்த நிரையில் வேலாயி வந்து நின்றாள். "அண்ணி, கூடை சரியுது பாருங்க" என்றாள்.

பத்து மணி வாக்கில் தலைக்கு மேலே ஒரு நிழல் ஓடியது. காக்கைதான். ஆனால் பார்ப்பதற்கு முன்பே எல்லாரும் செடிக்குள் தலையைப் புதைத்துவிட்டோம், புதுக் கங்காணியும் சேர்த்து.

நான் தலையைத் தூக்கியபோது பூரணி மட்டும் குனியாமல் நின்றாள். மட்டக்கம்பை ஓங்கி, இருக்கிற ஒரு கண்ணால் வானத்தைத் தேடிக்கொண்டு.