தரைக்கு ஒரு சாண் மேலே

ஜூன் 9, செவ்வாய்

மேல்வீட்டில் புதுத் திரை போட்டிருக்கிறார்கள். கூரையில் தொடங்கித் தரை வரைக்கும். என் மகள் மூச்சு வாங்க ஓடிவந்து சொன்னாள். "அம்மா, சித்தி வீட்டு கர்ட்டன் தரையைத் தொடுதும்மா. உள்ள போய் உக்காந்துட்டா வெளிய யாருக்குமே தெரியாது."

சித்தி என்றால் என் கொழுந்தனின் மனைவி. போன வருடம்தான் இருவரும் மாடிக்குக் குடிவந்தார்கள். இந்த நாட்குறிப்பில் அவளுக்கு மகாராணி என்று பெயர். நேரில் சொல்ல முடியாததை எழுதத்தானே இது இருக்கிறது.

கீழும் மேலும் ஒரே மாதிரி ஜன்னல்தான். ஜன்னலுக்கு அடியில் முழங்கால் உயரத்தில், ஓர் ஆள் உட்காரும் அகலத்துக்கு ஒரு மேடை. என் வீட்டுத் திரை ஜன்னலோடு ஒட்டித் தொங்கி, அந்த மேடையோடு நின்றுவிடும். மகாராணி கம்பியை மேடைக்கு முன்னால் கூரையிலேயே மாட்டிவிட்டாள். இப்போது மேடை திரைக்கு உள்ளே போய் ஒரு குட்டி அறையாகிவிட்டதாம். தலையணை போட்டிருக்கிறாளாம். சின்ன விளக்குகூட உண்டாம்.

இருக்கட்டும். நன்றாகத் தூசி அடையட்டும்.

ஜூன் 10, புதன்

பள்ளிவிட்டு வந்தவள் பையைக் கூடத்தில் எறிந்துவிட்டு நேரே மேலே போய்விட்டாள். எனக்குப் பைதான் மிச்சம்.

ஜூன் 13, சனி

சாப்பிட மூன்று தடவை கூப்பிட்ட பிறகு இறங்கி வந்தாள். மேலே என்ன பண்ணினாய், யாரெல்லாம் இருந்தார்கள், என்ன பேசினீர்கள், வீட்டுப்பாடம் முடிந்ததா என்று கேட்டேன். தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஒண்ணுமில்ல, சும்மா, முடிஞ்சுது" என்றாள். எல்லாவற்றுக்கும் சேர்த்து அவ்வளவுதான்.

பிறகு எழுந்து போகும்போது சொன்னாள். "உன் கவுன்ட்டர்ல நிக்கற மாதிரியே இருக்கும்மா. வெறும் வயித்துல வந்தீங்களான்னு மட்டும்தான் இன்னும் கேக்கல."

என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வரவேற்பில் உட்கார்ந்து நாள் முழுக்கக் கேள்வி கேட்பவள்தான் நான். அதற்குத்தான் சம்பளம். ஆனால் வீட்டிலும் அப்படியா இருக்கிறேன்? பெற்றவள் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்?

மேலே இருப்பவள் கேட்க மாட்டாள் போலிருக்கிறது. பெரிய மனசு.

ஜூன் 14, ஞாயிறு

முடிவு பண்ணிவிட்டேன். நமக்கும் தரை வரை திரை. கம்பியும் கூரையில். மேடைக்கு ஒன்று இல்லை, இரண்டு தலையணை.

அவரிடம் சொன்னதும், "ஜன்னலே இடுப்பு உயரத்துல இருக்கு. அதுக்கு எதுக்குத் தரை வரைக்கும்? யாருக்குச் சேலை கட்டி விடற?" என்றார்.

"உங்க தம்பி வீட்டுல கட்டும்போது வாயத் தொறந்தீங்களா?"

கம்பி மாட்ட ஆள் வரச் சொல்லிவிட்டார். பாவம், அவருக்கு இது துணி விஷயம் என்று நினைப்பு.

துணி விஷயமா இது? என் பொண்ணு என் வீட்டுல உக்காரணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்.

ஜூன் 17, புதன்

இன்று ஒரு காரியம் பண்ணினேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போனேன். மகாராணியின் திரை ஒன்று கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. என்னவோ கொட்டி அலசியிருக்கிறாள் போல. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவளிடம் போய் அளவு கேட்பதற்குப் பதில் வேறு என்ன வேண்டுமானாலும் செய்யலாம். என் துப்பட்டாவை எடுத்துத் திரையின் மேல்நுனியில் பிடித்து, கீழ்நுனி வந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டேன். காற்று வேறு. துப்பட்டா ஒரு பக்கம், திரை ஒரு பக்கம், நடுவில் நான். ஒருவழியாக அளந்து முடித்துத் திரும்பினால் படியில் என் மகள் நிற்கிறாள்.

"என்னம்மா பண்ற?"

"காஞ்சுதான்னு பாத்தேன்."

"சித்தி துணியையா?"

"ஏன், பாக்கக் கூடாதா?"

அவள் துப்பட்டா முடிச்சைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். இறங்கிப் போய்விட்டாள்.

ஜூன் 18, வியாழன்

மூக்கு உடைந்தது. வேலைக்குக் கிளம்பும்போது படிக்கட்டில் மகாராணி. "அக்கா, கர்ட்டன் அளவு வேணும்னா என்கிட்டயே கேட்டிருக்கலாமே. எழுதியே வச்சிருக்கேன், தரட்டுமா?" கிண்டலும் இல்லை, குத்தலும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"வேண்டாம்மா, எங்க ஜன்னலுக்கு நாங்க வேற மாதிரி யோசிச்சிருக்கோம்" என்றேன்.

வேற மாதிரி. என்ன வேற மாதிரி? அதே அளவை முடிச்சுப் போட்டுப் பெட்டியில் வைத்திருக்கிறேன். என் மகள் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்பதுதான் நாள் முழுக்க உறுத்தியது. கவுன்ட்டரில் ஒரு பெரியவரிடம் வயதை இரண்டு தடவை கேட்டேன். "அதுக்குள்ள ஏறிடாதும்மா" என்றார்.

ஜூன் 20, சனி

தையல் கடைக்குப் போனேன். மேல்வீட்டுக்குத் தைத்ததும் இந்தத் தையல்காரர்தான். துப்பட்டாவை நீட்டினேன். முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுதான் அளவாம்மா? நான் வேணா வீட்டுக்கு வந்து ஜன்னலப் பாத்து எடுத்துக்கறேனே."

"வேண்டாம். இந்த அளவுதான்."

"மேல மடிப்பு, கீழ மடிப்புக்கெல்லாம் தனியா துணி விடணும்மா. உங்க மேல்வீட்டம்மா அதையெல்லாம் சேத்துதான்..."

அவ்வளவுதான், எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "மேல்வீட்டுல சொன்னது எனக்கெதுக்கு? நான் குடுத்த அளவுக்கு வெட்டுங்க."

சரி என்று தலையை ஆட்டினார். துணி நல்ல துணி. சாம்பல் நிறத்தில் மெல்லிய கோடு. அவளுடையது வெறும் வெள்ளை.

ஜூன் 23, செவ்வாய்

மேலேயிருந்து இறங்கி வந்தவளுக்குக் கண் சிவந்திருந்தது. அழுதியா என்றேன். தூசி என்றாள். யார் என்ன சொன்னார்கள், பள்ளியில் ஏதாவதா, உடம்புக்கு ஏதாவதா என்று கேட்கக் கேட்க அவள் முகம் சுவராகிவிட்டது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பொறுக்க முடியாமல் மாடிக்குப் போய் மகாராணியிடமே கேட்டேன். என் வாயால் கேட்டேன். அதற்கு அவள், "அவளே உங்ககிட்ட சொல்லுவா அக்கா. பயப்படற மாதிரி ஒண்ணுமில்ல. நான் சொல்லிட்டா, இனிமே என்கிட்டயும் சொல்ல மாட்டா" என்றாள்.

என்கிட்டயும். அந்த 'யும்' எதுக்குடி? என்கிட்ட எங்க சொன்னா? பத்து மாசம் சுமந்தது நான். காய்ச்சல்ல மடியில போட்டுட்டு உக்காந்தது நான். இவ வந்து ஒரு வருஷம்கூட ஆகல, ஒரு முழத் துணியத் தொங்கவிட்டு என் பொண்ண உள்ள இழுத்துக்கிட்டா.

அவள் சொன்னது சரி என்றும் தெரிகிறது. அதனால்தான் இன்னும் எரிகிறது.

ஜூன் 27, சனி

திரை வந்தது. கம்பியில் மாட்டி, ஆசையாகப் பின்னால் நகர்ந்து பார்த்தேன்.

குட்டை.

தரைக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது. வளர்ந்த பையனுக்குப் போன வருடத்துக் கால்சட்டை போட்ட மாதிரி. கொடியில் நான் அளந்தது தைத்து முடித்த திரையை. அதே அளவுக்குத் துணியை வெட்டச் சொன்னேன். மேல் மடிப்பும் கீழ் மடிப்பும் தின்றது போக மிச்சம்தானே தொங்கும். அந்தத் தையல்காரர் சொல்ல வந்தார். சொல்ல விட்டால்தானே.

என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "நல்லதுதான். கூட்டித் துடைக்க வசதி" என்றார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எத்தனை நாளைக்கப்புறம் இந்த வீட்டில் சிரிக்கிறாள். அதை நினைத்துச் சந்தோஷப்பட வேண்டியவள், அடுக்களைக்குப் போய் அழுதேன்.

ஜூன் 28, ஞாயிறு

காய் வாங்கிக்கொண்டு திரும்பினேன். வீட்டில் சத்தமே இல்லை. மறுபடி மேலேதான் போயிருப்பாள் என்று நினைத்தபடி பையை வைத்தபோது பார்த்தேன். திரைக்குக் கீழே இரண்டு பாதம்.

மேடையில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டிருக்கிறாள். முழுக்க மறைந்துவிட்டதாக நினைப்பு. விரல்களில் நகப்பூச்சு, கத்திரிப்பூ நிறம். எங்கள் வீட்டில் அந்த நிறம் கிடையாது. எப்போது வைத்தாள், எத்தனை நாளாக இருக்கிறது, பள்ளியில் திட்ட மாட்டார்களா? எல்லாம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. என்ன தோன்றியதோ, துவைத்த துணிகளை எடுத்துவந்து திரைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்தேன்.

விரல்கள் சுருங்கின. நான் வந்தது தெரிந்துவிட்டது. பிறகு மெதுவாக விரிந்தன.

பாதித் துணி மடித்திருப்பேன். திரைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"கிளாஸ்ல என்கூட உக்காருவாளே, அவ இடம் மாத்திக்கிட்டா."

"ம்."

"இப்ப வேற பொண்ணுங்களோடதான் சாப்பிடறா. நான் போனா பேச்ச நிறுத்திடறாங்க."

"ம்." ஒரு பாவாடையை எடுத்து மடித்ததையே மறுபடி மடித்தேன்.

"நான் தனியாதான் சாப்பிடறேன். டப்பாவ பாதியிலயே மூடிடறேன். நீ திட்டுவியேன்னுதான் மிச்சத்தக் கொட்டிட்டு வரேன்."

வலது கால் இடது காலை அழுத்திக்கொண்டது. பாதத்தைப் பிடித்துக்கொள்ளக் கை போனது. இழுத்துக்கொண்டேன்.

"என்னம்மா, ஒண்ணும் கேக்கலயா?"

"கேக்கட்டுமா?"

"வேணாம்."

மாடியில் எப்போதோ சொல்லி முடித்த பழைய செய்திதான் இது. இருக்கட்டுமே. என் காதுக்குப் புதுசு.

ஜூலை 1, புதன்

கீழே ஒரு பட்டை வைத்துத் தைத்து இறக்கித் தருவதாகத் தையல்காரர் சொல்லியனுப்பினார். அவசரமில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 4, சனி

சாயங்காலம் மகாராணி இறங்கி வந்தாள். கையில் அந்தக் கத்திரிப்பூ நிறப் புட்டி. "ஆளையே காணோமேன்னு பாத்தேன் அக்கா. ஒரு கால் நகத்துல உதிர்ந்திருந்தது, வச்சு விடலாம்னு..." என்றாள். பேச்சு என்னிடம், கண் ஜன்னல் பக்கம். திரைக்கு உள்ளே தலையணைகள் நகரும் சத்தம் கேட்டது. அதைக் கேட்டதும் சிரிக்கப் பார்த்தாள், சரியாக வரவில்லை.

எனக்கு நன்றாகத் தெரிந்த முகம் அது. இத்தனை நாளாக என் கண்ணாடியில் இருந்தது.

நியாயமாகப் பார்த்தால் குளுகுளு என்று இருந்திருக்க வேண்டும். கொஞ்சம் இருந்தது, பொய் சொல்வானேன். "அவ படிக்கறா, அப்புறம் அனுப்பறேன்" என்று சொல்ல வாய் ரெடியாக இருந்தது.

"உள்ளதான் இருக்கா. போ" என்றேன்.

காபி போட்டு எடுத்துக்கொண்டு வந்தால், திரைக்குக் கீழே நாலு பாதம். எல்லா நகமும் ஒரே நிறம். உள்ளே ஏதோ கிசுகிசு. நான் வந்ததும் நின்றது. என்ன பேசுகிறீர்கள் என்று கேட்கவில்லை. குனிந்து, இரண்டு தம்ளரையும் அந்தக் கால்களுக்குப் பக்கத்தில் தரையில் வைத்தேன்.

திரும்பி நடக்கும்போது பின்னாலிருந்து மகள் குரல். "அம்மா, உன் காபியயும் எடுத்துட்டு வா."