பத்தாம் நாள் ரிப்போர்ட்

7.6.04, திங்கள்
வெயில் குறையவே இல்லை. கடையில் ஜெராக்ஸ் மெஷின் இரண்டு தடவை நின்றது. அரை நாள் லீவு சொல்லிவிட்டு செங்கல்பட்டு ஆஸ்பத்திரி.

வீட்டுக்காரன் ரிப்போர்ட்டை அங்கே ஆலோசனை அறையில் இருக்கிற கவுன்சிலர் அம்மாவிடம் நீட்டினேன். எச்ஐவி இல்லை என்று தனியார் லேபில் கொடுத்தது. அவன் லாட்ஜில் ஒருத்தியோடு தங்கிய விஷயத்தைக் கூட வேன் ஓட்டுகிறவன் உளறிய மறுநாளே ஓடிப்போய் எடுத்து வந்தான். சந்தோஷத்தில் நானே எங்கள் கடையில் லேமினேஷன் போட்டுக் கொடுத்தேன். மாமியார் முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பொட்டும் வைத்தாள்.

"மகாபலிபுரம் லாட்ஜுக்குப் போனது என்னைக்கு? டெஸ்ட் என்னைக்கு?"
நடுவில் பத்தே நாள்.
"பத்து நாள்ல தெரியாதும்மா. கிருமிய எதிர்த்து உடம்பு ஒண்ணு உண்டாக்கும், டெஸ்ட் அதைத்தான் தேடுது. மூணு மாசம் கழிச்சு எடுத்தாதான் நம்பலாம்."

அந்தத் தாளை நம்பி போன வாரம் அவனோடு படுத்தேன். என் மூன்று மாதம் அன்றிலிருந்து.

ஞாபகத்துக்கு:
ரேபிட் டெஸ்ட் - அரை மணியில் முடிவு.
எலிசா டெஸ்ட் - நாளாகும்.
எதுவானாலும் 3 மா. கணக்குதான். பாசிட்டிவ் வந்தால் வேறு கிட்டில் மறுபடி பார்ப்பார்கள்.
அதுவரை ஆணுறை. ஆணுறையும் வேண்டாம், அவனும் வேண்டாம். அவன் பாய் வெளியே.

20.6, ஞாயிறு
திருவிடந்தை. நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து. பந்தியில் மாமியார் பையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்து எல்லோருக்கும் காட்டினாள். "எம் புள்ளைக்கு ஒண்ணுமில்லன்னு எய்திகீது. இவதான் சந்தேகப்பட்டுகினு கீறா."

"தேதி இன்னா போட்டுகீது, படிங்க அத்த."

லாட்ஜ், பத்து நாள், மூன்று மாதம். ஒன்றுவிடாமல் சொன்னேன். பாயசம் ஊற்றியவர் கரண்டியோடு நின்றுவிட்டார். நான் இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன்.

பஸ்ஸில் அவன், "மானத்த வாங்கிட்டியேடி." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

18.7
கேஸ் சிலிண்டர் புக் பண்ண வேண்டும். ரவிக்கை தைக்கக் கொடுத்தது வரவில்லை.
அவனுக்கு அந்த நோய் வரட்டும் என்று திருப்போரூர் கோயிலில் வேண்டிக்கொண்டேன். படி இறங்கும்போதுதான் உறைத்தது, அவனுக்கு இருந்தால் எனக்கும் இருக்கலாம். நிம்மதியாகச் சாபம்கூட விட முடியவில்லை. பயமாக இருக்கிறது.

6.9, திங்கள்
தூறல். மூன்று மாதம் தாண்டியாயிற்று. சொந்தக்காரர் பேச்சு தாங்காமல் மாமியாரே அவனை டெஸ்டுக்குத் தள்ளிவிட்டாள். இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள். முடிவைத் தனித்தனியாகத்தான் சொல்வார்களாம். கவுன்சிலர் அம்மா, "நீங்க சொன்னாதாம்மா அவருக்குத் தெரியும்."

எனக்கு இல்லை. அந்த அறையிலேயே அழுதேன். முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அவன் வெளியே இளித்துக்கொண்டு நின்றான். "எனக்கு ஒண்ணுமில்ல." கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. பொய் எதற்கு.

"உனுக்கு இன்னா வந்துது?"
"மூணு மாசம் கழிச்சுச் சொல்றேன்."

தனக்கு இல்லாதது எனக்கு எங்கிருந்து வரும் என்று யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. இளிப்பு போய்விட்டது. ராத்திரி அவனுக்குச் சாப்பாடும் இறங்கவில்லை.

டிசம்பர் ஆறு. அதுவும் திங்கள்தான், காலண்டரில் பார்த்துவிட்டேன்.